லினக்ஸில் மீடியா விசைகளும் குறுக்குவிசைகளும்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈப்போவில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட மடிக்கணினியைச் சில நூறு வெள்ளிக்கு வாங்கி, அதில் உபுண்டு அல்லது லினக்ஸ் மிண்ட் இயங்குதளத்தை ஏற்றிக்கொள்வது மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் இப்போது சர்வசாதாரணம். பிள்ளைகளின் பள்ளிப்பாடம், தோட்ட அலுவலகக் கணக்கு, கோயில் திருவிழாப் பாட்டு எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. விசைப்பலகையின் மேல்வரிசை மட்டும் அடிக்கடி முரண்டு பிடிக்கும். கோயில் மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமைக் கணினி வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கட்டளைப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ப்ளே பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. எந்த மென்பொருளை நிறுவலாம்?

இப்போதைக்கு எதையும் நிறுவ வேண்டாம். பத்துப் பேரில் எட்டுப் பேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஒரு விசையை அழுத்தினால் அந்தச் செய்தி பல கை மாறிப் போகிறது. முதலில் விசைப்பலகை ஓர் எண்ணை அனுப்பும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதைத் தன் எண்ணாக மாற்றும். ப்ளே-பாஸ் என்றால் 164, அடுத்த பாட்டு 163, முந்தைய பாட்டு 165. எக்ஸ்கேபி என்ற பகுதி அந்த எண்ணுக்கு ஒரு பெயர் சூட்டும். ப்ளே விசைக்கு எக்ஸ்எஃப்86ஆடியோப்ளே. அந்தப் பெயரைப் பார்த்து க்னோம், சினமன் போன்ற டெஸ்க்டாப் முடிவெடுக்கும். கடைசியில்தான் பாட்டுச் செயலிக்கு உத்தரவு போகும். செய்தி எந்தக் கையில் தொலைகிறது என்று தெரியாமல் விசையை மாற்றி அமைத்தால், ஒரு கோளாறு இரண்டாகும்.

ஈவ்டெஸ்ட் என்ற சின்னக் கருவியை (இல்லையென்றால் இதை மட்டும் நிறுவிக்கொண்டு) சூடோவோடு, அதாவது நிர்வாகி அனுமதியோடு, ஓட்டுங்கள். அது இணைந்திருக்கும் உள்ளீட்டுச் சாதனங்களை எண் போட்டுக் காட்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ப்ளே பொத்தானை அழுத்துங்கள். 164 என்று வரி வந்தால் விசைப்பலகையும் கெர்னலும் ஒழுங்காக இருக்கின்றன என்று பொருள். வராவிட்டால் உடனே கைவிடாதீர்கள். யூஎஸ்பி விசைப்பலகைகள் பெரும்பாலும் ஒரே பலகையாக இருந்தாலும் கணினியிடம் இரண்டு மூன்று சாதனமாகப் பதிவு செய்துகொள்ளும். எழுத்துகள் ஒன்றில், மீடியா விசைகள் "கன்ஸ்யூமர் கண்ட்ரோல்" என்று முடியும் இன்னொன்றில். முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "விசை செத்துப்போச்சு" என்று சொல்பவர்கள் அதிகம்.

அடுத்த படி, டெஸ்க்டாப் என்ன பெயரைப் பார்க்கிறது என்பது. திரையையும் விசைகளையும் கையாள லினக்ஸில் இரண்டு அமைப்புகள் உண்டு: புதிய வேலேண்டு, பழைய எக்ஸ்11. வேலேண்டு என்றால் வெவ் என்ற கருவி. எக்ஸ்11 என்றால் எக்ஸ்இவி. சில வேளை எக்ஸ்இவி ப்ளே விசைக்கு ஒன்றுமே காட்டாது. டெஸ்க்டாப் அந்த விசையை முன்னாலேயே பிடித்துக்கொண்டது என்பதே அதற்கு அர்த்தம், கோளாறு அல்ல.

ஈவ்டெஸ்ட் 172 காட்டுகிறது, இன்னோர் இடத்தில் 172 என்றால் ப்ளே என்று போட்டிருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. எக்ஸ்11 கெர்னலின் எண்ணோடு 8 சேர்த்துத்தான் தன் எண்ணை வைத்துக்கொள்கிறது. கெர்னல் கணக்கில் 172 என்பது இணைய முகப்பு விசை. எக்ஸ் கணக்கில் 164 கூட்டல் 8, அதாவது ப்ளே. எந்தக் கருவி சொன்ன எண் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இந்த எட்டால் வந்த வேறொரு தொல்லையும் உண்டு. எக்ஸ்11-க்கு 255-க்கு மேல் எண் கிடையாது. ஆகவே கெர்னலில் 247-க்கு மேலுள்ள விசைகள் அதன் கண்ணுக்கே தெரியாது. மைக்கை அடைக்கும் விசைக்குக் கெர்னல் கொடுத்த எண் 248. ஒன்றில் தவறிப்போயிற்று! அதனால்தான் பல மடிக்கணினிகளில் அந்த விசையை எஃப்20 என்று வேடம் போட்டு அனுப்புகிறார்கள். எக்ஸ்கேபி அந்த எஃப்20-ஐ மீண்டும் மைக் விசையாகப் படித்துக்கொள்கிறது. உங்கள் மைக் விசை ஈவ்டெஸ்டில் எஃப்20 என்று வந்தால் பதற வேண்டாம்.

விசை வேலை செய்கிறது. ஆனால் தப்பான பாட்டு நிற்கிறது. ஏன்?

திருவிழா நேரத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஒலிபெருக்கியில் விஎல்சி வழியாக நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கும். யாரோ ஒரு தம்பி ஃபயர்ஃபாக்ஸில் யூடியூப் திறந்து எதையோ பார்த்துவிட்டு, நிறுத்தி, அப்படியே விட்டுப் போயிருப்பான். பூசாரி ஐயா கையைக் காட்டியதும் நீங்கள் பாஸ் விசையை அழுத்துவீர்கள். நாதஸ்வரம் நிற்காது, அந்த யூடியூப் காணொளி ஓடத் தொடங்கும். தீபாராதனை நடுவில் சினிமாப் பாட்டு.

லினக்ஸில் பாட்டுச் செயலிகள் எம்ப்ரிஸ் என்ற பொது வழக்கத்தின் மூலம் தங்களை அறிவித்துக்கொள்கின்றன. உலாவியும் அப்படியே. விசை அழுத்தப்படும்போது டெஸ்க்டாப் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. அது நீங்கள் நினைத்ததாகவே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

இரண்டு வழி உண்டு. ஒன்று, உலாவி மீடியா விசைகளைத் தொடாதபடி செய்வது. ஃபயர்ஃபாக்ஸின் அபவுட்-கான்ஃபிக் பக்கத்தில் "ஹார்டுவேர்மீடியாகீஸ்" என்று தேடி, அதில் "எனேபிள்டு" என்று முடிவதை ஃபால்ஸ் ஆக்குங்கள். இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது: ப்ளேயர்சிடிஎல் என்ற கருவியை நிறுவி, அதன் ப்ளேயர் தேர்வில் விஎல்சி என்று குறிப்பிட்டு, ப்ளே-பாஸ் கட்டளையை ஒரு தனிக் குறுக்குவிசையில் கட்டிவிடுவது. அப்புறம் யார் எதைத் திறந்து வைத்தாலும் அந்த விசை விஎல்சியை மட்டும்தான் தொடும். கோயில் கணினிக்கு இதுவே சரி.

எஃப்5 அழுத்தினால் பக்கம் புதுப்பிக்க வேண்டும். திரை வெளிச்சம் கூடுகிறது. எப்படித் திருப்புவது?

இதில் லினக்ஸுக்குப் பெரும்பாலும் பங்கே இல்லை. மடிக்கணினியின் எஃப்என் விசையை விசைப்பலகைச் சில்லே கையாள்கிறது. இயங்குதளத்துக்குச் செய்தியே வராத வகைகள்தான் அதிகம். எஃப்என்-ஐயும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், பல வகைகளில் அதுதான் பூட்டு. இல்லையென்றால் பயாஸுக்குள் போய், ஹாட்கீ மோடு அல்லது ஆக்‌ஷன் கீஸ் என்பது போன்ற வரியைத் தேடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. ஆப்பிள் விசைப்பலகையும், தன்னை ஆப்பிள் என்று சொல்லிக்கொள்ளும் சில மெக்கானிக்கல் பலகைகளும் கெர்னலின் ஹெச்ஐடி-ஆப்பிள் என்ற பகுதியின் கீழ் வரும். அதற்கு எஃப்என்மோடு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1 என்றால் மேல்வரிசை மீடியா விசையாக இருக்கும். 2 என்றால் எஃப் விசையாக. கீக்ரான் வகை மெக்கானிக்கல் பலகை வாங்கியவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒரு விசையின் வேலையை மட்டும் மாற்ற வேண்டும். எங்கே போவது?

க்னோமில் செட்டிங்ஸ், கீபோர்டு, அதனடியில் குறுக்குவிசைப் பட்டியல். மிண்டின் சினமனில் கீபோர்டு, ஷார்ட்கட்ஸ். எக்ஸ்எஃப்சிஇ-யில் கீபோர்டு, அப்ளிகேஷன் ஷார்ட்கட்ஸ். கேடிஇ-யில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் ஷார்ட்கட்ஸ். வரியைத் தேர்ந்தெடுத்துப் புதிய விசையை அழுத்தினால் போதும். பாதிப் பேருக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது.

தோட்ட அலுவலகத்தில் கால்குலேட்டர், மெயில் விசைகளை யாரும் தொடுவதில்லை. அவற்றில் செக்ரோலைத் (ஆள்வருகை, கூலிப் பதிவேடு) திறக்க முடியுமா?

தாராளமாக. காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து கிராணி (எழுத்தர்) உட்கார்ந்ததும் முதலில் திறப்பது அந்தச் செக்ரோல் தாள்தான். அதைத் தேடி நாலு கோப்புறை தாண்டிப் போவானேன்?

முதலில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கோப்பை எழுதுங்கள். உள்ளே, லிப்ரேஆபிஸ் கால்க் மூலம் இந்த மாதத்துத் தாளைத் திற என்று ஒரு வரி. கோப்புக்கு ஓடும் அனுமதி கொடுங்கள். பிறகு குறுக்குவிசைப் பட்டியலின் அடியிலுள்ள "கஸ்டம்" பகுதியில் புதிதாக ஒன்றைச் சேர்த்து, கட்டளை இடத்தில் அந்த ஸ்கிரிப்டின் முழுப் பாதையையும் கொடுத்து, கால்குலேட்டர் விசையை அழுத்துங்கள். அந்த விசை ஏற்கெனவே கால்குலேட்டருக்குக் கட்டப்பட்டிருக்கிறது, மாற்றட்டுமா என்று கேட்டால், சரி சொல்லுங்கள்.

முழுப் பாதை என்பதை அழுத்திச் சொல்கிறேன். டெர்மினலில் வீட்டுக் கோப்புறைக்கு அலைக்குறி போட்டுப் பழகிய கை, இங்கேயும் அதையே போடும். குறுக்குவிசைக் கட்டளை, டெர்மினலில் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் ஷெல் வழியாகப் போவதில்லை. அலைக்குறி விரியாது, இரண்டு கட்டளையை இணைக்கும் குறிகளும் செல்லாது. விசையை அழுத்துவீர்கள், ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தி கூட வராது. ஸ்கிரிப்டுக்குள் போட்டுவிட்டால் இந்தக் கவலையே இல்லை. மாதம் மாறும்போது தாளின் பெயரை ஸ்கிரிப்டே தேதியிலிருந்து கண்டுபிடிக்கும்படியும் எழுதலாம். மெயில் விசையை எடைத்தராசுக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்: லோரி ஆலைக்குப் போய்த் திரும்பியதும் செம்பனைக் குலையின் எடையைப் பதிய அது உதவும்.

பழைய வழிகாட்டி ஒன்றில் எக்ஸ்மாட்மேப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது. செய்யலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. அது விசைகளை மாற்றும் எக்ஸ்11 காலத்துக் கருவி. எக்ஸ்11-இலேயே விசைப்பலகையைக் கழற்றி மாட்டினாலும் மொழி மாற்றினாலும் அது செய்த மாற்றம் காணாமல் போகும். வேலேண்டில் எடுபடவே எடுபடாது. அதே காலத்து எக்ஸ்பைண்ட்கீஸ், எஸ்எக்ஸ்ஹெச்கேடி ஆகிய குறுக்குவிசைக் கருவிகளும் வேலேண்டில் எடுபடா.

உங்களிடம் எது ஓடுகிறது என்று பார்க்க, எக்ஸ்டிஜி செஷன் டைப் என்ற சூழல் மாறியை (இது மட்டும் ஆங்கிலப் பேரெழுத்தில், அடிக்கோட்டால் இணைத்து) அச்சிடச் சொல்லுங்கள். உபுண்டு 21.04 முதல் வேலேண்டைத்தான் இயல்பாகத் தருகிறது, 25.10-இல் எக்ஸ்11 க்னோம் அமர்வையே எடுத்துவிட்டார்கள். மிண்ட் சினமன்காரர்கள் பெரும்பாலும் இன்னும் எக்ஸ்11-இல் இருப்பார்கள்.

அப்படியென்றால் விசையையே வேறு விசையாக மாற்ற எது நல்லது?

கீடி. கே, ஈ, ஒய், டி என்ற நான்கெழுத்து. அது கெர்னலுக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்கிறது. ஆகவே எக்ஸ்11, வேலேண்டு, வெறும் கறுப்புத் திரை எதுவானாலும் ஒரே மாதிரி நடக்கும். மவுஸால் சொடுக்கிச் செய்ய விரும்புகிறவர்களுக்கு இன்புட்-ரீமேப்பர் இருக்கிறது, அதுவும் மோசமில்லை. எனக்குக் கீடி பிடிக்கக் காரணம், எல்லாமே ஒரே உரைக்கோப்பில் இருக்கும். படித்துப் பார்க்கலாம், நகலெடுத்துப் பக்கத்து வீட்டுக் கணினியிலும் போடலாம்.

ஓர் உதாரணம். மீடியா விசையே இல்லாத சிறிய மடிக்கணினி. இடைவெளிப் பட்டைக்கு வலப்பக்கம் மெனு விசை சும்மா கிடக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் மீடியா அடுக்கு வரவேண்டும். ஈடிசி கோப்புறையில் கீடி என்ற கோப்புறைக்குள் டிஃபால்ட் என்று பெயரிட்டு, கான்ஃப் என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பு. அதில் மூன்று பகுதிகள், தலைப்புகள் சதுர அடைப்புக்குள். ஐடிஸ் என்ற பகுதியில் ஒரு நட்சத்திரக் குறி: எல்லா விசைப்பலகைக்கும் என்று அர்த்தம். மெயின் என்ற பகுதியில், காம்போஸ் (மெனு விசையின் பெயர்) சமம் லேயர், அதன் அடைப்புக்குள் மீடியா. மூன்றாவது பகுதியின் பெயர் மீடியா; அதில் ஸ்பேஸ் சமம் ப்ளேபாஸ், ரைட் சமம் நெக்ஸ்ட்சாங், லெஃப்ட் சமம் ப்ரீவியஸ்சாங், அப் சமம் வால்யூம்அப், டவுன் சமம் வால்யூம்டவுன். சேமித்து, கீடி ரீலோட் என்று சொன்னால் தீர்ந்தது.

இதில் ஒரே ஒரு வில்லங்கம்: மெனு விசையைக் கெர்னல் "காம்போஸ்" என்று அழைக்கிறது, எண் 127. கோப்பில் மெனு என்று எழுதினால் அது வேறொரு விசை. சந்தேகம் வந்தால் கீடி மானிட்டர் என்று ஓட்டி, விசையை அழுத்தி, அது சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள். அதே கருவி ஒவ்வொரு விசைப்பலகைக்கும் ஓர் அடையாள எண்ணைக் காட்டும். நட்சத்திரத்துக்குப் பதிலாக அதைக் கொடுத்தால் அந்தப் பலகை ஒன்றுக்கு மட்டும் மாற்றம் செல்லும்.

தப்பாக எழுதி விசைப்பலகையே கையை விட்டுப் போனால்?

பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். கீடி நின்றுவிடும், பழைய விசைப்பலகை திரும்பிவிடும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டி வைத்துவிட்டு அப்புறம் கோப்பைத் தொடுங்கள்.

தமிழ்99 விசைப்பலகை போட்ட பிறகு கண்ட்ரோல்-சி வேலை செய்யவில்லை.

ஆசிரியர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். தமிழை இரண்டு விதமாக உள்ளிடலாம். ஒன்று, எக்ஸ்கேபியில் தமிழ்ப் பலகையையே வைப்பது. அப்போது சி விசையிலிருந்து வருவது தமிழ் எழுத்து. கண்ட்ரோல்-சி என்ற சேர்க்கைக்கு அங்கே இடமில்லை. பல செயலிகள் பட்டியலில் ஆங்கிலப் பலகையும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, அதை வைத்துச் சமாளிக்கும். பட்டியலில் தமிழ் மட்டும் இருந்தால் தேடவும் வழியில்லை. ஆகவே ஆங்கிலத்தை எடுத்துவிடாதீர்கள். முதல் இடத்திலேயே வையுங்கள்.

இரண்டாவது வழி ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதனோடு எம்17என் என்ற மொழித் தொகுப்பு. இதில் அடியில் ஆங்கிலப் பலகை அப்படியே இருக்கும். எழுத்துகளை மட்டும் ஐபஸ் தமிழாக்கும், கண்ட்ரோல் சேர்க்கைகளை விட்டுவிடும். தமிழ்99 அதில் இருக்கிறது, ஒலியியல் முறையும் இருக்கிறது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் ஒலிப்புமுறையில் தட்டிப் பழகிய மூத்தவர்களுக்கு இரண்டாவது கைக்கு ஒட்டிவரும். மொழி மாற்ற க்னோமில் சூப்பர்-ஸ்பேஸ் (சூப்பர் என்பது விண்டோஸ் படம் போட்ட விசை).

கேப்ஸ் லாக்கை மொழி மாற்றும் விசையாக்கலாமா என்றும் கேட்பார்கள். எக்ஸ்கேபி பலகைகளுக்கு அதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. சினமனில் லேஅவுட் பக்கத்தின் ஆப்ஷன்ஸுக்குள் கிடைக்கும். தமிழில் கேப்ஸ் லாக்குக்கு வேலையே இல்லாதபோது அந்த இடத்தை வீணாக்குவானேன்.

புது மடிக்கணினியில் மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை வந்திருக்கிறது. அதை வலது கண்ட்ரோலாக மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் அது ஒரே விசை அல்ல. அழுத்தினால் இடது சூப்பர், இடது ஷிஃப்ட், எஃப்23 மூன்றும் சேர்ந்து வருகின்றன. எஃப்23-ஐ மட்டும் மாற்றினால் சூப்பரும் ஷிஃப்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். கீடியில் மூன்றையும் கூட்டல் குறியால் சேர்த்து இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் வேண்டியதைக் கொடுக்க வேண்டும். ஒரு செயலியைத் திறப்பதற்கு இது தடங்கலின்றி நடக்கும். அழுத்திப் பிடிக்கும் கண்ட்ரோலாக எல்லாக் கணினியிலும் ஒழுங்காக நடக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

ஈவ்டெஸ்டில் விசை "அன்நோன்" என்று வருகிறது.

விசைப்பலகை எண் அனுப்புகிறது, கெர்னலுக்கு அதன் பெயர் தெரியவில்லை. சாதனங்களைக் கவனிக்கும் யூடெவின் ஹெச்டபிள்யூடிபி என்ற பதிவேட்டில் ஒரு வரி சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். ஈவ்டெஸ்ட் எம்எஸ்சி ஸ்கேன் என்று காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஈடிசி-யில் யூடெவ் கோப்புறைக்குள் ஹெச்டபிள்யூடிபி.டி என்ற இடத்தில் உங்கள் கோப்பை வையுங்கள். முதல் வரி எந்த விசைப்பலகை என்று சொல்லும். அடுத்த வரி எந்த எண் எந்த விசை என்று சொல்லும். அந்த இரண்டாவது வரி ஓர் இடைவெளியோடுதான் தொடங்க வேண்டும். அதை விட்டால் வரி கணக்கில் சேராது. சிஸ்டம்டி-ஹெச்டபிள்யூடிபி அப்டேட், பிறகு யூடெவ்ஏடிஎம் ட்ரிகர். விசை உயிர் பெறும்.

ஒலி ஒரே அடியாக ஏறுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற முடியாதா?

க்னோமில் ஷிஃப்டைச் சேர்த்து ஒலி விசையை அழுத்துங்கள், சின்னச் சின்ன அடியாக ஏறும். இயல்பான அடி 6 விழுக்காடு. மீடியா-கீஸ் அமைப்பில் வால்யூம்-ஸ்டெப் என்பதை மாற்றினால் அதுவும் மாறும்.

ப்ளூடூத் ஹெட்செட்டின் பொத்தானையும் இப்படி மாற்றலாமா?

ஓரளவுக்கு. அந்தப் பொத்தானும் கணினிக்கு ஒரு விசைப்பலகை போலவே தெரியும், ஈவ்டெஸ்ட் பட்டியலில் ஹெட்செட்டின் பெயர் வரும். ப்ளே, அடுத்தது, முந்தையது வரைக்கும் மாற்றலாம். ஹெட்செட் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஒலிப் பொத்தான்கள் நம் கைக்கு வராது.

நேரலைக்கு ஓபிஎஸ் வைத்திருக்கிறோம். ஓபிஎஸ் பின்னால் இருக்கும்போது குறுக்குவிசை எடுபடவில்லை.

வேலேண்டில் ஒரு செயலி மற்றவற்றின் விசைகளை ஒட்டுக்கேட்க முடியாது. கடவுச்சொல் திருட்டைத் தடுக்க வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். டெஸ்க்டாப்பின் அனுமதியோடு குறுக்குவிசை வாங்க போர்ட்டல் என்ற வழி இருக்கிறது. டெஸ்க்டாப், செயலி இரண்டும் அதை ஆதரிக்க வேண்டும். திருவிழா நெருங்கிவிட்டதென்றால் சோதித்துக்கொண்டிராமல், உங்கள் பதிப்பு இடம் கொடுத்தால் எக்ஸ்11 அமர்வில் நுழைந்து ஓட்டுங்கள்.

மற்ற எல்லாம் சரி, வெளிச்ச விசை மட்டும் அசையவில்லை.

அந்த விசை பல மடிக்கணினிகளில் விசைப்பலகை வழியாக வருவதில்லை. ஈவ்டெஸ்ட் பட்டியலில் "வீடியோ பஸ்" என்றொரு சாதனம் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து அழுத்திப் பாருங்கள். அங்கே எண் வந்தும் திரை மாறவில்லையென்றால் கோளாறு விசையில் இல்லை, திரை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரைவரில். கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் க்ரப்பின் அமைப்பில் ஏசிபிஐ-பேக்லைட் என்ற தேர்வுக்கு நேட்டிவ் அல்லது வெண்டர் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் கணினியை மறுதொடக்கம் செய்து பார்க்க வேண்டும்.